இடம் நன்கொடை

எங்கள் ஊர் தாலுகா அலுவலக வாசலில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. எங்கள் ஊர் வட்டத் தலைநகரான நாளைச் சொல்லும் கல். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள் என்று பதவி குறையக் குறைய எழுத்தும் சிறுத்துக்கொண்டே கீழே இறங்கும். எல்லாவற்றுக்கும் அடியில், குந்தி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்படி, 'இடம் நன்கொடை' என்று போட்டு என் அப்பாவின் பெயர் இருக்கிறது.

அந்த இடம் எங்களுடையது இல்லை. அரசாங்கப் புறம்போக்கு. அரசாங்கத்தின் நிலத்தை அரசாங்கத்துக்கே தானம் கொடுத்தவர் என் அப்பா. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து உள்ளே போனால் எங்கள் ஊர். பெயர் சொல்ல விருப்பமில்லை. ஊர் முனையில் கல்லும் கள்ளியுமாகக் கிடந்த ஒரு மேட்டை என் தாத்தா காலத்திலேயே திருத்தி, மழையை நம்பி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் போட்டு வந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தலையாரி வந்து ஒரு தொகை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார். புறம்போக்கில் பயிர் வைத்ததற்கான அபராதம் அது. பி-மெமோ என்பார்கள். அப்பா அதைப் பட்டா நிலத்துக்குக் கட்டும் கிஸ்தி என்று நினைத்தார். கிஸ்தி வாங்குகிறார்கள் என்றால் நிலம் நம்முடையது. இதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவரை மட்டும் சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இந்த நம்பிக்கையில்தான் பயிர் வைத்துப் பெண்ணும் கட்டிக்கொடுக்கிறார்கள்.

பெரிய வட்டத்தைப் பிரித்துப் புது வட்டம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். தலைநகரம் எங்களுக்கா, ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊருக்கா என்று இழுபறி. கடையடைத்தோம். சாலையில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் போய் உட்கார்ந்தேன். அவர்களும் அவர்கள் ஊரில் உட்கார்ந்தார்கள். கடைசியில், சாலையை ஒட்டி எந்த ஊர் சீக்கிரமாக இடம் காட்டுகிறதோ அந்த ஊருக்குத்தான் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி இருந்தது அப்பா பயிர் வைத்திருந்த மேடு ஒன்றுதான். அதில் மல்லாட்டை பூவெடுத்து விழுது இறங்கிக்கொண்டிருந்தது.

காலி செய் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஒரு வக்கீலைப் பிடித்துத் தடை வாங்கிவிட்டால் காரியம் இழுக்கும், தலைநகரம் அந்த ஊருக்குப் போய்விடும். போராட்டக் குழுவில் உரக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவர்தான் யோசனை சொன்னாராம். விரட்ட வேண்டாம், கேட்போம். மாலையோடு போய்க் கேட்போம்.

அவர்கள் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் அத்தனை பேர் எங்கள் வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை. உரக்கடைக்காரர், "ஐயா, ஊருக்கு ஒரு நல்லது நடக்கணும்னா அது உங்க கையிலதான் இருக்குது" என்று ஆரம்பித்தார். அதே உரக்கடையில் அப்பாவை 'டேய்' என்று கூப்பிட்டுத்தான் மூட்டை இறக்கச் சொல்வார்கள். அவர் பேசி முடிப்பதற்குள் அப்பா, "எடுத்துக்கங்க" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து, "வெளைஞ்சதையாவது புடுங்கிக்கினு குடுக்கலாமில்ல?" என்றாள்.

"குடுக்கறதுன்னு ஆயிப்போச்சு. அதுல புடுங்கறது என்னாத்துக்கு?" என்றார் அப்பா.

மாலை அவர் கழுத்தில் விழுந்தது. அடுத்த வாரம் இயந்திரம் வந்து மேட்டைப் புரட்டியது. புரண்ட மண்ணில் இருந்த பிஞ்சுகளை அம்மா முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்து வேகவைத்தாள். உள்ளே பருப்பு பிடிக்கவில்லை. தண்ணீராக இருந்தது. சாப்பிட்டோம். அதன் பிறகு அப்பா மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போனார். அம்மா சில வருடங்களில் போய்ச் சேர்ந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குக் கல்லைக் காரணம் சொல்ல மாட்டேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கினேன். ஒரு லாரியில் கிளீனராக ஏறினேன். கேரளாவில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், ஓசூரில் கட்டட வேலை, பிறகு மரக்காணம் உப்பளம். சில இடங்களில் பசி இருந்தது, சில இடங்களில் அடி இருந்தது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அந்த நிலம் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது ஊரில் ஒரு சலூனில். லாரி வேலையில் இருந்தபோது ஊருக்கு வந்து முடிவெட்டப் போனேன். உள்ளே உட்கார்ந்திருந்த ஒருத்தர், "தானகர்த்தா புள்ள வந்துட்டான்பா. பார்த்து வெட்டு. அது அவன் தலைதானான்னு மொதல்ல கேட்டுக்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தேன். முடிவெட்டுபவர்தான் பிறகு தனியாகச் சொன்னார். ஊரே சிரித்து முடித்துப் பழைய சமாச்சாரம் ஆகியிருந்தது.

ஒவ்வொரு வருடமும் தாலுகா ஆன நாளன்று வியாபாரிகள் சங்கத்தில் கல்லுக்கு மாலை போடுவார்கள். அப்பாவை அழைத்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டு போர்த்தி, லட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள். டீக்கடையில் அவருக்கு ஜமீன் என்று பெயர். "ஜமீன் வர்றாரு, எழுந்திருங்கப்பா" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அப்பா, "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று கையமர்த்துவார். அந்தக் காட்சியை ஒரு தடவை நான் பார்த்தேன். அன்று மாலையே பஸ் ஏறினேன்.

இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டது தங்கச்சி. நான் உப்பளத்தில் இருந்தேன். அவளைக் கட்டியவன் விட்டுவிட்டுப் போனபின், பெண் குழந்தையோடும் அப்பாவோடும் ஏரிக்கரையில் குடிசை போட்டு இருந்தாள். மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை. ஏரி ஆக்கிரமிப்பை எடுக்க உத்தரவாகி, குடிசைக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். போகிறவர்களுக்கு வேறு இடத்தில் இலவச மனை. அந்தப் பட்டியலில் முதலில் இவள் பெயர் இருந்தது. இப்போது இல்லை.

"ஏன் எடுத்துட்டாங்க?" என்று கேட்டேன்.

"நம்ப அப்பாதான்" என்றாள். "எம் பேரு சீக்கிரமா வரணும்னு அந்தம்மாகிட்ட போயி, நான் யாரு தெரியுமா, நீ ஒக்காந்துகினு இருக்கற எடமே நான் குடுத்ததுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. அவங்க நேரா போயி கல்லப் படிச்சிட்டாங்க. நெலம் இருக்கற குடும்பம்னு அடிச்சிட்டாங்க. நீ ஜல்தியா வாண்ணா."

அந்தம்மா என்று அவள் சொன்னது புதிதாக வந்திருந்த வி.ஏ.ஓ.வை. தென்காசிப் பக்கத்துப் பெண். சின்ன வயது. தாலுகா அலுவலகத்திலேயே அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். நான் போனபோது முன்னால் கிடந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அலுவலகங்களில் என்னை யாரும் உட்காரச் சொல்வதில்லை. அதனால் நின்றுகொண்டே பேசினேன்.

"இலவச மனை, நிலமே இல்லாதவங்களுக்குத்தாங்க" என்றார். "தாலுகா ஆபீசுக்கே இடம் குடுத்த குடும்பம்னு கல்லுல இருக்கு. நான் எப்படிங்க ஏழைன்னு எழுத முடியும்?"

"அது எங்க நெலம் இல்ல மேடம்."

"பிறகு யாரோடது?"

"உங்களுதுதான். சர்க்கார் புறம்போக்கு."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே தலையாரி நின்றிருந்தார். எங்கள் ஊர்க்காரர், அப்பாவைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர். துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"ஆமா மேடம்" என்றார் தலையாரி. "ஊருக்கே தெரியும். பெரியவரு மனசு நோவக்கூடாதுன்னு ஒரு மரியாதைக்கு போட்டது."

"அதுக்குக் கல்லுலயா போடுவீங்க?"

"கல்லுலதான் மேடம் போட முடியும். பேப்பர்ல போட்டா செல்லாதே."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இதற்குச் சிரிக்காத முதல் ஆளாக ஒரு வெளியூர்க்காரி இருந்தது எனக்கு என்னவோ போலிருந்தது. என் முகத்தைப் பார்த்து, "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

கொஞ்ச நேரம் பேனாவை மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் வாக்குமூலம் வேணுங்க. ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர் அவருதான். நிலம் இருந்துச்சுன்னு சொன்னதும் அவருதான். இல்லைன்னு அவரேதான் சொல்லணும்."

"நான் எழுதித் தர்றேன் மேடம்."

"நீங்க ஊர்லயே இருக்கறதில்லையாமே" என்றார். குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை லிஸ்ட் மேல போயிரும். நான் நாளன்னைக்கு வீட்டுக்கு வர்றேன். அதுக்குள்ள நீங்க பக்குவமா சொல்லி வைங்க."

பக்குவமாகச் சொல்ல எனக்கு ஒரு முழு நாள் இருந்தது. காலையில் அப்பா, தாசில்தாரைப் பார்க்கப் போவதாகச் சட்டையை எடுத்தார். "நான் குடுத்த எடத்துல ஒக்காந்துகினு எனக்கே நோட்டீஸ் ஒட்டறானுங்க. பழைய ஆளுங்க இருந்தா இப்படி நடக்குமா?" என்றார். நாளைக்கு மேடமே வருவார், இன்றைக்கு வேண்டாம் என்று நிறுத்தினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மத்தியானம் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். அவர் மீனில் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துப் பேத்தியின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்த தங்கச்சி என்னைக் கரைமேல் கூப்பிட்டுப் போய், "சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப நான் சொல்றேன்."

"வேணாம். நீ சொன்னா தாங்க மாட்டாரு."

"நீ சொன்னா தாங்குவாரா? அவரு பெருமைக்கு நானும் எம் பொண்ணும் ஏரியில நிக்கணுமா? நீ பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிடுவ" என்றாள். பஸ் நேரம் அப்போது என் மனதில் இருந்தது உண்மை.

மறுநாள் அந்தப் பெண் தலையாரியோடு வந்தபோது அப்பாவிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்துக் குடிசைக்காரர்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். அப்பா ஓடிப்போய் நாற்காலி இரவல் வாங்கி வந்து, துண்டால் தட்டிப் போட்டார்.

"ஆபீசு எப்படிம்மா இருக்குது? காத்து வருதா?" என்றார். "அது மேடு. எவ்ளோ மழை பேஞ்சாலும் தண்ணி நிக்காது. தெரிஞ்சிதான் அந்த எடத்தக் குடுத்தேன்."

"நல்லாயிருக்கு ஐயா" என்றார் அந்தப் பெண். பிறகு மெதுவாக, "அந்த நிலத்துக்குப் பட்டா இருந்துச்சா ஐயா?" என்று கேட்டார்.

"கிஸ்தி கட்டிகினு வந்தேம்மா. எங்கப்பாரு காலத்துலேர்ந்து. ஒரு வருசம் உடல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். தங்கச்சியும் பார்த்தாள். இனி ஒத்திப்போட ஒன்றுமில்லை.

"அப்பா, அது கிஸ்தி இல்ல. அபராதம். அது நம்ப நெலம் இல்லப்பா. புறம்போக்கு" என்றேன்.

அப்பா சிரித்தார். "இவன் ஊர் சுத்தறவம்மா. நெலத்தப் பத்தி இவனுக்கு என்னா தெரியும்?" பிறகு தலையாரியைப் பார்த்து, "நீ சொல்லுடா. உங்கப்பந்தான வந்து வாங்கிகினு போவான்" என்றார்.

தலையாரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அபராதந்தான் பெரியப்பா" என்றார்.

நான் பல ஊர்களில் பல பேர் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். திருடாமலே திருடன் என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் என்னோடு போனது. அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தபோது இருந்த கூச்சம் வேறு. ஒரு மகன் தனியாக, மெதுவாக, தோளில் கை வைத்துச் சொல்ல வேண்டியதை, அதிகாரி முன்னால், அக்கம்பக்கத்தார் பார்க்க, நான் போட்டு உடைத்திருந்தேன்.

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அவர் சத்தம் போடுவார், என்னை அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணிடம், "அப்ப நான் குடுத்தது செல்லாதாம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை.

"செல்லாதுன்னா அவனுங்க கேஸு போட்டுடுவானுங்க" என்றார் அப்பா, ஏரிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி. "ஆபீச அங்க தூக்கிகினு போயிடுவானுங்க. எப்படா எப்படான்னு இருக்கறவனுங்க."

"செல்லும் ஐயா" என்றார் அந்தப் பெண். "ஆபீஸ் எங்கயும் போகாது."

"நான் இல்லன்னு எழுதிக் குடுத்தாலும்?"

"எழுதிக் குடுத்தாலும் போகாது."

"அப்ப போடறேன்."

எழுதியதை அந்தப் பெண் வாசித்துக் காட்டினார். 'மேற்படி அரசு புறம்போக்கு நிலத்தை நான் ஆக்கிரமித்து' என்று வந்த இடத்தில் அப்பா தலையைத் தூக்கி, "ஆக்கிரமிச்சின்னா?" என்றார்.

"பயிர் வெச்சிகினு இருந்தேன்னு அர்த்தம் பெரியப்பா" என்றார் தலையாரி.

அப்பா கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ஊரில் ஒருவரும் சிரித்ததாக நான் கேள்விப்படவில்லை. தலையாரி அதை வெளியில் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். பக்கத்துக் குடிசைக்காரர்களும் அவரவர் நோட்டீஸ் கவலையில் இருந்தார்கள்.

தங்கச்சி பெயர் பட்டியலில் ஏறியது. செஞ்சிப் பக்கம் போகும் சாலையில், பாறைக்கு ஓரமாக ஒரு மனை கிடைத்தது. தண்ணீர் தொலைவு. மில்லுக்கும் தொலைவு. நானும் அவளுமாகக் கம்பு நட்டுத் தகரம் போட்டோம். அவள் பட்டாவைப் பாலிதீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தபோது, சொன்னது சரிதான் என்று நினைத்தேன். அப்பா பக்கம் திரும்பினால் அந்த நினைப்பு நிற்கவில்லை.

அவர் டீக்கடைக்குப் போவதை விட்டிருந்தார். ஒருநாள் தகரத்துக்கு வெளியே நானும் அவரும் மட்டும் இருந்தபோது, "ஊர்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"என்னா?"

"அதான். எடம் நம்புளுது இல்லன்னு."

சலூன் ஞாபகம் வந்தது. டீக்கடையில் எழுந்து நின்றவர்கள் ஞாபகம் வந்தது. "யாருக்கும் தெரியாதுப்பா" என்றேன்.

"அந்த தலையாரிப் பையன்?"

"அவன் சொல்ல மாட்டான். பக்கத்துக் குடிசைக்காரங்களும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க."

"அந்தம்மா?"

"அது தெக்கத்திப் பொண்ணு. மாத்தலாகிப் போயிடும்."

அப்பா யோசித்தார். பிறகு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "அந்த உரக்கடைக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாதுடா. மாலையெல்லாம் போட்டாரு. ஏமாத்திட்டேன்னு நெனைப்பாரு" என்றார்.

நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போவதாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். குழாயில் அந்த நேரத்தில் தண்ணீர் வராது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கொஞ்ச நாளில் தாலுகா ஆன தினம் வந்தது. வியாபாரிகள் சங்கத்து ஆட்கள் ஆட்டோவோடு வந்தார்கள். அப்பா கால்வலி என்று சொல்லிவிடுவார், நான் அவர்களை அனுப்பிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "போவலன்னா ஏன்னு கேப்பானுங்க. அப்பறம் ஒண்ணொண்ணா வெளிய வரும்" என்று என் காதோடு சொன்னார். பிறகு, "நீயும் வா" என்றார். அதுவரை அவர் என்னை அங்கே கூப்பிட்டதில்லை.

வழக்கம்போல நாற்காலி போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் யாரோ மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். "ஜமீன், ஒக்காருங்க" என்று ஒருவன் குரல் கொடுத்தான். நாலைந்து பேர் பல் தெரிய எழுந்து நின்றார்கள். அப்பா கையமர்த்தவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உரக்கடைக்காரர், இப்போது நன்றாகக் கிழடாகிவிட்டார், வந்து துண்டைப் போர்த்தினார். மற்ற வருடங்களில் அப்பா கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுவாராம். இந்தத் தடவை கைகள் மடியை விட்டு எழவில்லை.

துண்டுக்குள்ளிருந்து அவர் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின. நான் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கண்டுபிடித்ததும், யாராவது ஏதாவது கேட்டார்களா என்பதுபோல முகத்தை லேசாக அசைத்தார். அத்தனை பேருக்கு நடுவில் விஷயம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று நான் தலையாட்டினேன்.